தெற்கு ஷட்டர்

எங்கள் ஊரில் தண்ணீர் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று முடிவு செய்வது இப்போது சாமியும் இல்லை, சர்க்காரும் இல்லை. இன்சூரன்ஸ் கம்பெனியின் மிஷின்.

இடத்தைச் சொல்லிவிட்டால்தான் நடந்தது விளங்கும். தூத்துக்குடிக்கு மேற்கே பனையடிக்குளம். குளம் நிரம்பினால் மறுகால் பாயும். அந்த உபரித் தண்ணீர் ஓடையாக வந்து எங்கள் காலனிக்கு முன்னால் இரண்டாகப் பிரியும். பிரிகிற இடத்தில் இரண்டு ஷட்டர். வடக்கு ஷட்டரைத் திறந்தால் வடக்கு வரிசை வழியாகப் போகும். தெற்கைத் திறந்தால் தெற்கு வரிசை. முன்பெல்லாம் மதகு பார்க்கிற சர்க்கார் லஸ்கர் ஒருத்தர் வந்து இரண்டையும் பாதி பாதி தூக்கி வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். கணுக்கால் அளவு தண்ணீர் ஓடி, சாயங்காலத்துக்குள் கடலில் சேர்ந்துவிடும்.

அந்தக் கடல் இப்போது இல்லை. ஏறிவிட்டது. தண்ணீரைக் கொண்டுபோய்க் கொடுத்தால் வாங்கிக்கொள்ள மாட்டேன் என்கிறது. மழையும் பழைய மழை இல்லை. ஐப்பசி கார்த்திகைக்குப் பெய்ய வேண்டியது, நினைத்த மாதத்தில் ஒரே பகலில் கொட்டித் தீர்க்கிறது. இனிமேல் பாதி பாதி திறந்தால் இரண்டு பக்கமும் முழுகும், ஒரு பக்கத்தைக் கொடுத்துத்தான் மறு பக்கத்தைக் காப்பாற்ற முடியும் என்று படித்தவர்கள் வந்து சொன்னார்கள். சரி, எந்தப் பக்கத்தைக் கொடுப்பது? ஒரு அதிகாரியும் கையெழுத்துப் போட மாட்டேன் என்றான். போட்டால் அவன் வீட்டு வாசலில் சனம் நிற்கும். கடைசியில், நஷ்டஈடு கொடுக்கிறவன் கம்பெனிக்காரன்தானே, ஷட்டரையும் அவன் மிஷினே பார்த்துக்கொள்ளட்டும் என்று கைகழுவிவிட்டார்கள். மிஷினை யார் வாசலில் போய்த் திட்டுவது?

காலனியில் ஒரு காலத்தில் அறுபது வீட்டுக்கு மேல் இருந்தது. வெள்ளத்துக்கு ஒரு பத்துப் பேர், காப்பீட்டுக் கட்டணம் ஏற ஏற ஒரு பத்துப் பேர் என்று கழன்றுகொண்டார்கள். கம்பெனியே சில வீடுகளை விலைக்கு வாங்கிப் பூட்டிப் போட்டது. வடக்கு வரிசையில் மிஞ்சியது நான். உப்பு லாரி ஓட்டிச் சம்பாதித்துக் கட்டிய வீடு, கைலாசத்துக்கும் கொண்டுபோக முடியாது, விற்கவும் மனசில்லை. ஓடைக்கு அந்தப் பக்கம், தெற்கு வரிசையில் மிஞ்சியது என் தங்கச்சி பேச்சியம்மாள். என் மொட்டை மாடியில் நின்றால் அவள் மொட்டை மாடி தெரியும். அவள் காயப்போட்ட சேலை என்ன நிறம் என்று சொல்லிவிடலாம்.

பேச்சியின் மகள் நித்திலா அந்தக் கம்பெனியில்தான் வேலை பார்க்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கையில் பெரிய கண்ணாடிப் பலகை மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள்.

"மாமா, நீங்க மட்டுந்தான் பாக்கி. இன்னைக்கு எடுத்திருங்க."

"என்னத்த?"

"தெரியாத மாதிரி கேக்கியளே. வெள்ளக் காப்பீடு."

"எனக்கு எதுக்குட்டி அது? நாலு முழம் ஒசத்திக் கட்டுன வீடு."

"நாலு முழம் எல்லாம் போன தலைமுறைத் தண்ணிக்கு மாமா." பலகையை நாற்காலியில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். "நான் சொல்லுதத கொஞ்சம் கேளுங்க. காப்பீடு எடுத்த வீட்டுல தண்ணி ஏறுனா கம்பெனி காசு குடுக்கணும். எடுக்காத வீட்டுல ஏறுனா கம்பெனிக்கு ஒண்ணுமில்ல. மிஷின் என்ன செய்யும்? நட்டம் கொறைஞ்ச பக்கம் பாத்து ஷட்டரத் தெறக்கும்."

"அப்ப காசு கட்டாதவன் தலையில தண்ணிய விடுவியங்கே."

"நாங்க விடுவோம்னு சொல்லல. கணக்கு அப்படி."

"ஏட்டி, பஜார்ல சண்டியன் இதத்தான சொல்லுவான்? மாமூல் குடு, கடைய ஒடைக்க மாட்டேன்னு."

"சண்டியன் ரசீது குடுக்க மாட்டான் மாமா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு அவள் அம்மாவின் வாய்.

"சரி, உங்க அம்மா எடுத்துட்டாளா?"

"அவளுக்கு நானே போட்டுட்டேன். பின்ன, எங்கூட டவுனுக்கு வான்னாலும் வரமாட்டேங்கா. மருமவன் வீட்டுல போயி ஒக்கார மாட்டாளாம்."

"அப்போ தெக்க கட்டியாச்சு. வடக்க கட்டல. மழை வந்தா வடக்கு ஷட்டர்தான் தெறக்கும். அப்படித்தான?"

"ஆமா. அதத்தான் தொண்டத்தண்ணி வத்தச் சொல்லுதேன்."

"தெறக்கட்டும். எனக்கு வேண்டாம்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் எழுந்து முருங்கை மரத்துக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டேன்.

நான் எவனையும் நம்புகிறவன் இல்லை. லாரி ஓட்டின காலத்தில் எடை போடுகிறவனை நம்பவில்லை, செக்போஸ்ட்காரனை நம்பவில்லை. ரேஷன் கடையிலும் மூட்டையைத் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குவேன். இந்த மிஷினை மட்டும் ஒரு விஷயத்தில் நம்பினேன். காசு கட்டாத பக்கம்தான் அது தண்ணீரை விடும். அது வரைக்கும் அதன் புத்தி எனக்குப் புரிந்தது. நான் கட்டாமல் இருக்கிற வரைக்கும் தெற்கு ஷட்டர் திறக்காது. என் வீடு கல் கட்டு. பேச்சி வீடு செங்கல், அடிச்சுவர் எல்லாம் உப்புக்காற்று தின்று பொரிந்து கிடக்கிறது. பாய்கிற தண்ணீரை அது ஒரு தடவைகூடத் தாங்காது. ஆகவே நான் கட்டப்போவதில்லை. இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பேச்சி ஒப்பாரி வைப்பாள்.

ஆனால் பேச்சியை ஏய்ப்பது லேசு இல்லை. அடுத்த வாரம் கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்தவள் வாசலிலேயே நின்று கேட்டாள்.

"காப்பீடு வேண்டாம்னுட்டியாமே?"

"அது ஏமாத்து வேல."

"எல்லாத்தையும் ஏமாத்துன்னு சொல்லி என்னத்தக் கண்ட?"

"ஒன்னய மாதிரி ஏமாறாம இருக்கேம்லா."

"ஆமா, பெரிய இவரு." தூக்குச்சட்டியை நங்கென்று வைத்தாள். "சூட்டோட சாப்பிடு. சட்டிய கழுவி வையி, அப்படியே வைக்காத."

அதற்குமேல் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அதோடு விட்டாள் என்று நினைத்தேன்.

மழை மாசி மாதம் வந்தது. மாசியில் மழை என்றால் என் அப்பா காலத்தில் சிரித்திருப்பார்கள். முதல் நாள் சாயங்காலம் பிடித்தது, விடிந்தும் விடவில்லை. குளம் நிறைந்துவிட்டது என்று செய்தியில் சொன்னான். நான் அரிசி, அடுப்பு, துணிமணி எல்லாம் மாடி அறையில் ஏற்றிவிட்டேன். ஒரு பெரிய பானை நிறையக் குடிதண்ணீர் பிடித்து வைத்தேன். மொட்டை மாடியில் ஒரு தார்ப்பாயைக் கட்டி, அதன்கீழ் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். வடக்கு ஷட்டர் எப்போது தூக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வரப்போகிறவனுக்கு வாசலில் காத்திருக்கிற மாதிரி.

அது தூக்கவில்லை. தெற்கும் தூக்கவில்லை. இரண்டும் மூடியே கிடந்தன. ஷட்டருக்கு மேலாக வழிந்த தண்ணீரே இரண்டு பக்கமும் முட்டளவு வந்துவிட்டது. ஓடை கரையைத் தாண்டிப் பாய்ந்தது. இரண்டு வரிசையையும் சேர்க்கிற நடைபாலம் தண்ணீருக்குள் போய்விட்டது. எனக்குக் குழப்பமாக இருந்தது. இந்த மிஷின் எதற்காக யோசிக்கிறது?

நடுவில் ஒரு நம்பரிலிருந்து போன் வந்தது. தெரியாத நம்பரை நான் எடுக்கிற வழக்கம் இல்லை. திரும்பவும் வந்தது. அதையும் எடுக்காமல் விட்டேன்.

வெயில் இல்லாததால் நேரம் தெரியவில்லை, பசித்தது. அப்போது பேச்சி தன் மாடியில் வந்து நின்றாள். குடையைப் பிடித்துக்கொண்டு கையை ஆட்டினாள். நான் அவளுக்குப் போன் போட்டேன்.

"என்னட்டி? பயமா இருக்கா?"

"எனக்கென்ன பயம்? நல்லாத்தான் இருக்கேன். நீ சாப்பிட்டியா?"

"ம்... நீ?"

"கஞ்சி காய்ச்சுனேன். அண்ணே, குடிக்கத் தண்ணி நிறைஞ்சிருக்கு."

"என்னத்த நிறைஞ்சிருக்கு? வாயத் தெறந்து இல்லன்னு சொல்லித் தொலையேன்!"

அவள் சொல்லமாட்டாள். எங்கள் வீட்டுப் பொம்பளைகள் யாரும் அரிசி இல்லை, உப்பு இல்லை என்று சொல்லமாட்டார்கள். இல்லை என்று வீட்டுக்குள் சொன்னால் இல்லாமலே போய்விடுமாம். அரிசிப் பானை காலியானால், அரிசி நிறைஞ்சிருக்கு, வாங்கிட்டு வாங்க என்பார்கள். கடைக்காரனுக்கும் அது புரியும், சின்னப் பிள்ளைக்கும் புரியும். அதிலும் பேச்சி ஒரு படி மேலே. எண்ணெய், தீப்பெட்டி, போனில் காசு, எது தீர்ந்தாலும் அவளுக்கு நிறைஞ்சிருக்கும். புருஷன் செத்த பிறகாவது விடுவாள் என்று பார்த்தேன். கூடத்தான் ஆயிற்று.

"கொடத்துல ஒண்ணும் பிடிச்சு வைக்கலயா?"

"வச்சிருந்தேன். கீழ நின்ன குடத்துல ஓடத்தண்ணி பொரண்டுட்டு. மழத்தண்ணியப் பிடிக்கலாம்னா மாடியெல்லாம் புறா எச்சம்."

"ஏங்கிட்டப் பானை நிறைய இருக்கு. எப்படிக் கொண்டாறது? பாலம் முங்கிட்டு."

"நீ ஒண்ணும் நீந்திட்டு வராத. கம்பெனியில போட் அனுப்புவாகளாம், நித்திலா சொன்னா. போன் வருது பாரு, அவுகதான் போல. இரு, எடுக்கேன்."

வைத்துவிட்டாள். மாடியில் நின்றபடியே அவள் பேசுவதைப் பார்த்தேன். கையை ஆட்டி ஆட்டி, எதிரில் ஆள் நிற்கிற மாதிரிதான் அவள் போனில் பேசுவாள். பேசி முடித்து என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். ஏற்பாடு ஆகிவிட்டது என்று அர்த்தம். பிறகு படி இறங்கிக் கீழே போனாள். போட் வந்தால் குடம் கொடுத்தனுப்ப வேண்டுமே, குடம் எடுக்கப் போயிருப்பாள்.

அப்போதுதான் ஷட்டர் தூக்குகிற சத்தம் கேட்டது. இரும்பு இழுபடுகிற சத்தம். நான் வடக்கே பார்த்தேன். வடக்கு அசையவில்லை.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. போனை எடுத்துப் போட்டேன், மணி அடித்தது, அவள் எடுக்கவில்லை. தெற்கு ஷட்டர் முழுசாகத் தூக்கிவிட்டது. தண்ணீர் மெதுவாக வரும் என்று நினைப்பீர்கள். வராது. காவி நிறத்தில் ஒரு சுவர் மாதிரி வந்தது. பூட்டிக் கிடந்த வீடுகளின் கதவுகளைத் தள்ளிக்கொண்டு, ஒரு வேப்பமரத்தை வேரோடு எடுத்துக்கொண்டு போனது. பேச்சியின் வீடு முதலில் அப்படியே நின்றது. பிறகு மாடி ஒரு பக்கமாகச் சாய்ந்தது, கால் வழுக்கின ஆள் மாதிரி. குடை மாடியில்தான் இருந்தது. அது பறந்து போனதைப் பார்த்தேன். அவளைப் பார்க்கவில்லை.

மழை விட்டு ஓடை வடிந்த பிறகு, கிழக்கே உடைமரக் காட்டுக்குள் அவளை எடுத்தார்கள். நித்திலாவை நான் பார்க்க விடவில்லை. நான் பார்த்தேன்.

கருமாதி முடிந்து பந்தல் பிரித்த மறுநாள் கம்பெனியிலிருந்து ஒரு பையன் வந்தான். பையன் என்றால் முப்பது வயசு இருக்கும், கவின் என்று பெயர் சொன்னான். நித்திலா அவனை என் வீட்டுக்குக் கூட்டிவந்திருந்தாள். அவள் முகம் வீங்கியிருந்தது. அவனுக்கு மரியாதை தெரிந்திருந்தது, செருப்பைக் கழற்றிவிட்டு வந்தான்.

"ஐயா, ரொம்ப வருத்தமா இருக்கு. எங்க தரப்புல என்ன நடந்துதுன்னு உங்களுக்குச் சொல்லிடணும்னு நித்திலா மேடம் கேட்டாங்க. அன்னைக்கு அவங்க பேசினதோட பதிவு இருக்கு. நீங்க விரும்பினா மட்டும் கேக்கலாம்."

"போடு."

போட்டான். முதலில் மிஷினின் குரல். பொம்பளைக் குரல், புத்தகம் படிக்கிற மாதிரி.

"வணக்கம் பேச்சியம்மாள். உங்கள் வீட்டில் தண்ணீர் நிலவரம் என்ன?"

"தண்ணிதான தாயி, நிறைஞ்சிருக்கு."

"வீடு முழுவதும் நிறைந்துவிட்டதா?"

"வீடு முழுக்கத்தான். கீழ மேல எல்லாத்துலயும் நிறைஞ்சிருக்கு. அதான் ஒங்கள நெனச்சேன், நீங்களே கூப்பிட்டிய."

"வருந்துகிறோம். நீங்கள் நலமாக இருக்கிறீர்களா?"

"எனக்கென்ன, நான் நல்லாருக்கேன். எங்க அண்ணனுக்கும் ஒரு போன் போட்டுக் கேளு தாயி, அவன் ஒத்தையில கெடக்கான்."

"அவரையும் தொடர்புகொண்டு வருகிறோம். உங்களுக்குத் தேவையான உதவி உடனே செய்யப்படும்."

"நல்லாருப்ப."

அவ்வளவுதான். பதிவு நின்றது. நித்திலா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தண்ணி கேட்டிருக்கா," என்றேன். "குடிக்கத் தண்ணி கேட்டிருக்கா. அதுக்கா நீங்க..."

"ஐயா, நிறைஞ்சிருக்குன்னு அவங்களே..."

"இல்லன்னு அர்த்தம்! நிறைஞ்சிருக்குன்னா இல்லன்னு அர்த்தம்ல!"

அவன் நித்திலாவைத் திரும்பிப் பார்த்தான். அவள் அரிசிப் பானைக் கதையைச் சொன்னாள். ஒவ்வொரு வார்த்தையாக, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள். அவன் கேட்கக் கேட்க முகம் செத்துப்போனது.

"இப்படிச் சொல்ற வழக்கம் அதுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல," என்றான். "அது எடுத்துக்கிட்டது வேற. வீடு முழுசா முழுகியாச்சு. ஆள் நல்லா இருக்காங்க. முழுகின வீட்டுல ஆள் நல்லா இருக்க முடியாது. அப்ப ஆள் வெளிய போயாச்சு. அந்த வீட்டுல இனிமே இழக்க ஒண்ணும் இல்லை. அதனால..."

"அதனால தெக்க தெறந்துட்டு."

"ஆமாங்க ஐயா."

எனக்கு ஒன்று மட்டும் பிடிபடவில்லை. அதைக் கேட்டேன். "அதுவரைக்கும் எதுக்குடே ரெண்டையும் மூடி வச்சிருந்திய? நான்தான் காசு கட்டலயே. காலையிலயே வடக்கத் தெறந்திருக்க வேண்டியதுதான? எம்மேல விட்டிருக்க வேண்டியதுதான?"

அவன் பலகையைத் தட்டிப் பார்த்தான். "இல்லைங்களே ஐயா. உங்க வீடும் காப்பீட்டுல இருக்கு. ரெண்டு பக்கமும் ஒரே அளவு நட்டம் காட்டுச்சு. அதனாலதான் காத்திருந்துச்சு. உங்களுக்கும் ரெண்டு தடவை போன் போட்டிருக்கு, நீங்க எடுக்கலை."

"எவன் போட்டது எனக்கு? நான் போடலயே!"

நித்திலா அப்போதும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா," என்றாள். "அம்மாதான் மாமா கட்டுனா. தை மாசம் என்னைய ஒக்கார வச்சு, அவனுக்கும் போட்டு விடுட்டி, அவங்கிட்டச் சொல்லாதன்னா. அவ உப்பளத்துப் பென்ஷன்ல பிடிச்சுக்கிடச் சொன்னா. நான்தான் போட்டு விட்டேன்."

"எதுக்கு?"

"நீங்க எதுக்குக் கட்டாம இருக்கியன்னு அவளுக்குத் தெரியும் மாமா."

கவின் எழுந்து வெளியே போய் முற்றத்தில் நின்றுகொண்டான். நல்ல பையன்தான். நானும் நித்திலாவும் உட்கார்ந்திருந்தோம். அவளிடம் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். உன்மேல் தப்பு இல்லை என்றாவது சொல்லியிருக்க வேண்டும். அவள் எழுந்து அடுப்படிக்குப் போய் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு, அவனோடு கிளம்பிப் போனாள். வேலையை விட்டுவிட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். என்னைப் பார்க்க வருவதில்லை. போன் பேசினால் பேசுகிறாள். சாப்பிட்டியளா என்று கேட்கிறாள். வேறு ஒன்றும் இல்லை.

தப்பைத் திருத்திவிட்டோம் என்று கம்பெனி ஊர் ஊராக ஆள் அனுப்பியது. திருத்தினது எப்படி என்றால், பொம்பளைகளைக் கோயில் மண்டபத்தில் கூட்டிவைத்துப் பேசச் சொல்லிக்கொடுத்தார்கள். தண்ணீர் இல்லை. அரிசி தீர்ந்துவிட்டது. ஆபத்தில் இருக்கிறேன். சாகக் கிடக்கிறேன். இப்படி உடைத்துச் சொல்ல வேண்டுமாம், எல்லோரும் சேர்ந்து சத்தமாகச் சொல்ல வேண்டுமாம். பக்கத்து ஊரில் நான் போய்ப் பார்த்தேன். பாதிப் பேர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். ஒரு கிழவி மட்டும் சொல்லிக்கொடுக்க வந்த கம்பெனிப் பெண்ணிடம் கேட்டாள்: "ஏத்தா, நாங்க ஏன் மாத்திப் பேசணும்? அது நாங்க பேசுதத படிக்கக் கூடாதா?" அந்தப் பெண் சிரித்து மழுப்பிவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போனாள்.

சித்திரை பிறந்த பிறகு ஒரு நாள் காலையில் அந்த நம்பரிலிருந்து போன் வந்தது. இந்தத் தடவை எடுத்தேன்.

"வணக்கம் தவசிமுத்து ஐயா. உங்கள் வீட்டின் வெள்ளக் காப்பீடு மறுபரிசீலனை செய்யப்பட்டது. ஒரு நல்ல செய்தி இருக்கிறது."

"சொல்லு."

"தெற்குப் பாதையில் இனிக் குடியிருப்பு எதுவும் இல்லை. இனி வருகிற உபரித் தண்ணீர் முழுவதும் தெற்கு வழியாகவே அனுப்பப்படும். உங்கள் வீட்டுக்கு ஆபத்து நீங்கிவிட்டது. ஆகவே உங்களுக்கு வெள்ளக் காப்பீடு தேவையில்லை என்று முடிவு செய்திருக்கிறோம்."

நான் வாசலுக்கு வந்து தெற்கே பார்த்தேன்.

"செலுத்திய தொகையில் மீதி இருக்கிறது. செலுத்தியவர் பேச்சியம்மாள். அவருக்கே திருப்பி அனுப்பட்டுமா?"

"அவளுக்கா?"

"ஆமாம். அவருடைய பழைய முகவரி செல்லுபடியாகவில்லை. அவர் வேறு இடத்துக்குப் போய்விட்டாரா?"

"ஆமா. போயிட்டா."

"புதிய முகவரியைச் சொல்ல முடியுமா?"

போனை வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து அது திரும்பவும் அடித்தது. முகவரிக்காக இருக்கும். அடித்து ஓயட்டும் என்று விட்டேன்.

அடுத்த மழை ஆனியில் வந்தது. மாடியில் நாற்காலி போடவில்லை, ஒன்றையும் மேலே ஏற்றவில்லை. நடையில் நின்றுதான் பார்த்தேன். இந்தத் தடவை மிஷின் யோசிக்கவே இல்லை. குளம் மறுகால் பாய்ந்த உடனே தெற்கு ஷட்டர் முழுசாகத் தூக்கிற்று. தண்ணீர் வழி தெரிந்த மாதிரி நேராக வந்து, பேச்சி வீடு இருந்த மேட்டில் ஏறி, அந்தப் பக்கமாக இறங்கிப் போனது. அவள் வீட்டு வாசல்படிக் கல் ஒன்று கிடந்தது. அதன்மேல் கொஞ்ச நேரம் சுழித்தது. பிறகு அதுவும் தெரியவில்லை.

என் பக்கம் ஓடைத் தண்ணீர் ஒரு சொட்டு வரவில்லை. வாசலில் கழற்றிப் போட்ட செருப்பு, கழற்றிப் போட்ட இடத்திலேயே கிடந்தது.